கைப்பேசிச் செயலியை உலாவியில் சோதிப்பது: எப்படி, எதுவரை?

ஒரு பொத்தானின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்ற வேண்டும். நிரலில் அது ஒரே ஒரு சொல். ஆனால் அந்தப் பச்சையைக் கைப்பேசியில் கண்ணால் பார்க்க, செயலியை முழுதாகத் தொகுத்து, கேபிள் வழியே ஏற்றி, திறந்து, கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், நான்கு திரைகளைத் தாண்டி அந்தப் பொத்தான் இருக்கும் இடத்துக்குச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு, பச்சை கொஞ்சம் அடர்ந்துவிட்டது என்று தோன்றினால் மறுபடியும் முதலிலிருந்து. ஒரு நாளில் நாற்பது ஐம்பது மாற்றங்கள் செய்பவருக்கு இந்தக் காத்திருப்பு சலித்துப்போய், "இன்னொரு முறை மாற்றிப் பார்ப்போமே" என்ற ஆசையே வற்றிவிடும்.

இந்த இடத்தில்தான் உலாவி கைகொடுக்கிறது. செயலியைக் கணினியிலுள்ள குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ சஃபாரியிலோ திறந்து, சாளரத்தைக் கைப்பேசித் திரை அளவுக்குச் சுருக்கி, அங்கேயே சோதிக்கலாம். கோப்பைச் சேமித்த கணத்தில் திரை மாறும். செயலி எழுதத் தொடங்கும் எவரும் முதலில் பழக வேண்டிய வழி இது என்பது என் உறுதியான எண்ணம். அதன் எல்லை எங்கே என்பதையும் கூடவே தெரிந்துகொள்ள வேண்டும். உலாவி உங்கள் நிரலைப் பற்றி நிறையச் சொல்லும். கைப்பேசியைப் பற்றி மிகக் கொஞ்சமே சொல்லும். எந்தக் கேள்வியை எதனிடம் கேட்பது என்று பிரித்தறிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்று குடும்பங்கள்

ஆண்ட்ராய்டுக்குக் கோட்லினிலோ ஜாவாவிலோ ஒரு முறை, ஐபோனுக்கு ஸ்விஃப்டில் இன்னொரு முறை என்று இரண்டு தடவை எழுதாமல், ஒரே நிரலை இரண்டிலும் ஓடவைத்தால் அது பல்தளச் செயலி. அப்படி ஓடவைக்க மூன்று வழிகள் பரவலாக இருக்கின்றன. உங்கள் செயலி எந்த வழியில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்தே உலாவிச் சோதனையை எவ்வளவு நம்பலாம் என்பது அமையும். ஆகவே இதில் சற்று நிதானமாக நிற்போம்.

முதல் வகைச் செயலி உள்ளுக்குள் ஒரு வலைப்பக்கமே. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றில் எழுதிய பக்கத்தை, முகவரிப் பட்டி இல்லாத ஓர் உலாவிச் சாளரத்துக்குள் வைத்துச் செயலியாகக் கட்டித் தருகிறார்கள். அந்தச் சாளரத்துக்கு வெப்வியூ என்று பெயர். 2008இல் ஃபோன்கேப் என்ற பெயரில் தொடங்கிய முயற்சி இதற்கு முன்னோடி. அதை உருவாக்கிய நைட்டோபி நிறுவனத்தை 2011இல் அடோபி வாங்கியது; நிரல் அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுக்கப்பட்டு, கார்டோவா என்ற பெயரில் வளர்ந்தது. பின்னர் வந்த ஐயானிக்கும் கப்பாசிட்டரும் இதே வழியில் நடப்பவை. வலைப்பக்கமாகப் பிறந்த செயலி உலாவியில் இயல்பாகவே ஓடும். ஐயானிக்கில் 'ஐயானிக் சர்வ்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும், லோக்கல்ஹோஸ்ட் 8100 என்ற முகவரியில் செயலி திறந்துகொள்ளும். லோக்கல்ஹோஸ்ட் என்பது உங்கள் கணினி தன்னையே குறிப்பிடும் பெயர். கார்டோவாவில் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் போலவே உலாவியையும் ஒரு தளமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, 2015இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ். இதில் நீங்கள் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட்தான். ஆனால் திரையில் தெரியும் பொத்தானும் பட்டியலும் கைப்பேசி இயங்குதளத்தின் சொந்த உறுப்புகள். அவை உலாவியில் கிடையாது. அதனால் ரியாக்ட் நேட்டிவ் வெப் என்ற இன்னொரு நூலகம் ஒவ்வோர் உறுப்புக்கும் பதிலாக ஒரு எச்டிஎம்எல் உறுப்பை வைத்து உலாவியில் காட்டுகிறது. ரியாக்ட் நேட்டிவ் செயலிகளை எளிதாக ஓடவைக்க உதவும் எக்ஸ்போ என்ற கருவியைப் பயன்படுத்துபவர்கள், அதற்கான வலை நூலகங்களை நிறுவியிருந்தால், முனையத்தில் 'டபிள்யூ' விசையை அழுத்தியதும் உலாவி திறக்கும். அங்கே நீங்கள் பார்ப்பது செயலியின் மொழிபெயர்ப்பு. கணக்குகளும் தரவுப் போக்கும் திரைவிட்டுத் திரை தாவுவதும் அதேதான். உருட்டும்போது உண்டாகும் உணர்வு, நிழல், எழுத்துரு போன்றவை வேறுபடலாம்.

மூன்றாவது ஃப்ளட்டர். இது இயங்குதளத்தின் பொத்தானையும் கேட்பதில்லை, எச்டிஎம்எல்லையும் கேட்பதில்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியையும் தானே வரைகிறது. 2021 மார்ச்சில் வந்த ஃப்ளட்டர் 2 பதிப்பிலிருந்து வலை ஆதரவு நிலையானதாக அறிவிக்கப்பட்டது. ஓடவைக்கும் கட்டளையில் சாதனமாகக் குரோமைக் குறிப்பிட்டால் செயலி அங்கே ஓடும். ஆனால் உலாவியின் ஆய்வுக் கருவியில் ஒரு பொத்தானைச் சுட்டினால் பொத்தான் கிடைக்காது. எல்லாம் வரையப்பட்ட ஒரே ஓவியப் பலகை. ஃப்ளட்டருக்கென்று தனி ஆய்வுக் கருவிகள் இருக்கின்றன, அவற்றைத்தான் பயன்படுத்த வேண்டும். ஃப்ளட்டரிலும் ரியாக்ட் நேட்டிவிலும் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலியிலேயே மாற்றத்தை உடனடியாகக் காட்டும் வசதியும் உண்டு என்பதால், இந்த இரண்டிலும் உலாவியைத் துணைக்கு மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். முதல் வகைச் செயலி எழுதுபவருக்கோ, உலாவிதான் பட்டறை.

'ஐபோன்' என்று தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கிறது?

குரோமில் எஃப் 12 விசையை அழுத்தி டெவலப்பர் கருவிகளைத் திறந்து, பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மேக் கணினியில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட். பக்கம் கைப்பேசி வடிவத்துக்குச் சுருங்கும், மேலே சாதனங்களின் பட்டியல் வரும். ஃபயர்பாக்ஸிலும் இதே விசைகள்தான், மேக்கில் மட்டும் ஷிஃப்டுக்குப் பதில் ஆப்ஷன்.

பட்டியலில் ஓர் ஐபோனைத் தேர்ந்தெடுத்ததும், உள்ளே ஐபோன் வந்து உட்கார்ந்துவிட்டதாகத் தொடக்கநிலையாளர்கள் நினைத்துவிடுகிறார்கள். நடப்பது நான்கே நான்கு காரியங்கள். சாளரத்தின் அகல உயரம் மாறுகிறது. திரைப்புள்ளிகளின் அடர்த்தி மாறுகிறது; ஐபோன் 12இன் திரையில் 1170க்கு 2532 புள்ளிகள் இருந்தாலும், பக்கம் அதை 390க்கு 844 என்றே பார்க்கிறது, ஒவ்வோர் அலகும் மும்மூன்று புள்ளிகளாகக் காட்டப்படுகிறது. உலாவி தன்னை இன்னார் என்று சர்வரிடம் சொல்லிக்கொள்ளும் அடையாள வரி மாறுகிறது. சுட்டியின் சொடுக்கு, விரல் தொடுகையாக நிரலுக்குத் தெரிவிக்கப்படுகிறது. இவ்வளவுதான். குரோமின் சொந்த ஆவணங்களே இதை ஒரு முதல்நிலைத் தோராயம் என்றுதான் விவரிக்கின்றன.

பக்கத்தை வரையும் இயந்திரம் மாறுவதே இல்லை. குரோமின் இயந்திரம் பிளிங்க். அது 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்து தனிவழி போனது. ஐபோனில் செயலிக்குள் இருக்கும் வெப்வியூ இன்றும் வெப்கிட்டில் ஓடுகிறது. இரண்டும் ஒரே சிஎஸ்எஸ் வரியைச் சில இடங்களில் வெவ்வேறு விதமாகப் புரிந்துகொள்ளும். தேதியை வாசிப்பது, ஒலியைத் தானாக ஓடவிடுவது, உருட்டலின் விளிம்பில் துள்ளுவது என்று வேறுபாடுகள் சின்னச் சின்னதாக வரும். குரோமில் 'ஐபோன்' என்று எழுதியிருக்கும் சட்டத்துக்குள் அவற்றில் ஒன்றும் தெரியாது. மேக் இருந்தால் சஃபாரியிலும் ஒரு முறை திறந்து பாருங்கள். இல்லாதவர்களுக்கு, மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட் என்ற தானியங்கிச் சோதனைக் கருவி உதவும். அது வெப்கிட்டின் ஒரு கட்டமைப்பை விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட்டிக் காட்டும். அது முழுச் சஃபாரி ஆகாது, இருந்தாலும் பல வேறுபாடுகளை முன்கூட்டியே பிடித்துத் தரும்.

ஆண்ட்ராய்டில் வேறொரு சிக்கல். 5.0 பதிப்பிலிருந்து வெப்வியூ இயங்குதளத்தோடு ஒட்டியிராமல், பிளே ஸ்டோர் வழியாகத் தனியே புதுப்பிக்கப்படுகிறது. உங்கள் கணினியின் குரோம் நேற்று வந்த பதிப்பாக இருக்கும். பயனரின் கைப்பேசியில் நீண்ட நாளாகப் புதுப்பிக்கப்படாத வெப்வியூ இருக்கலாம். சென்ற மாதம் அறிமுகமான ஒரு ஜாவாஸ்கிரிப்ட் வசதியை ஆசையாகப் பயன்படுத்தியிருந்தால், கணினியில் அழகாக ஓடும், அங்கே வெள்ளைத் திரைதான் மிஞ்சும்.

உலாவி மறுத்தால், கைப்பேசியும் மறுக்குமா?

இதுவரை உலாவியில் ஓடி, கைப்பேசியில் தடுமாறுபவற்றைப் பார்த்தோம். நேர்மாறாக நடப்பதும் உண்டு, தொடக்கநிலையாளர்களை அதிகம் திணறடிப்பதும் அதுதான்.

செயலியை உலாவியில் திறக்கிறீர்கள். சர்வரிலிருந்து தரவு வர வேண்டிய இடம் காலியாக இருக்கிறது. டெவலப்பர் கருவிகளில் பிழைகளைக் காட்டும் பலகமான கன்சோலில், சிவப்பு எழுத்தில் 'கோர்ஸ்' என்று ஒரு பிழை. உலாவியின் பாதுகாப்பு விதி இது: ஒரு முகவரியிலிருந்து வந்த பக்கம் வேறொரு முகவரியிலுள்ள சர்வரிடம் தரவு கேட்டால், "இந்தப் பக்கத்துக்குத் தரச் சம்மதம்" என்று அந்தச் சர்வர் தன் பதிலின் தலைப்பில் எழுதி அனுப்ப வேண்டும். எழுதாவிட்டால், பதில் கணினிவரை வந்திருந்தாலும் உலாவி அதை உங்கள் நிரலின் கையில் கொடுக்காது.

ரியாக்ட் நேட்டிவ், ஃப்ளட்டர் செயலிகள் கைப்பேசியில் ஓடும்போது இடையில் உலாவி இல்லை, ஆகவே இந்த விதியும் இல்லை. அங்கே இந்தப் பிழை உலாவிச் சோதனையோடு போய்விடும். வெப்வியூவுக்குள் ஓடும் முதல் வகைச் செயலிக்கு அப்படியல்ல. வெப்வியூவும் உலாவியே, அதுவும் விதியைக் கேட்கும். கப்பாசிட்டர் செயலி ஐபோனில் ஓடும்போது அதன் முகவரி 'கப்பாசிட்டர்://லோக்கல்ஹோஸ்ட்' என்று இருக்கும். சர்வர் அந்த முகவரிக்கும் சம்மதம் தர வேண்டும். ஒரே சிவப்பு எழுத்து, ஒருவருக்கு வெற்று இரைச்சல், இன்னொருவருக்கு உண்மையான எச்சரிக்கை. செயலி எந்த வகை என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பிழையைப் போக்க, குரோமின் பாதுகாப்பையே அணைத்துவிட்டுத் திறக்கும் குறுக்குவழியைப் பலர் சொல்லித்தருவார்கள். வேண்டாம். அப்படித் திறந்த உலாவியில் மறதியாக மற்ற வேலைகளையும் செய்யத் தொடங்கிவிடுவீர்கள். செயலியை உலாவிக்குக் காட்ட உங்கள் கணினியில் ஓடும் மேம்பாட்டுச் சர்வரிலேயே இடைத்தரகர் (ப்ராக்ஸி) வசதி இருக்கும். தரவுக் கோரிக்கையை அதன் வழியே அனுப்பினால் உலாவிக்கு எல்லாம் ஒரே முகவரியாகத் தெரியும், பிழையும் போய்விடும்.

இதே வகையில் இன்னொரு பொறி. கணினியில் ஓடும் செயலியை, அதே வைஃபையில் இருக்கும் கைப்பேசியின் உலாவியிலும் பார்க்கலாம், 192.168 என்று தொடங்கும் கணினியின் உள்வலை முகவரியை அடித்தால் போதும். மிக நல்ல வழி. ஆனால் கணினியில் வேலை செய்த இருப்பிடம் கண்டறிதலும் கேமராவும் இங்கே செத்துக் கிடக்கும். இவற்றை எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கங்களுக்கு உலாவிகள் தருவதில்லை. இருப்பிடத்தைக் குரோம் 2016இல், 50ஆம் பதிப்பில் நிறுத்தியது. லோக்கல்ஹோஸ்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. முகவரி மாறியதும் அந்த விலக்கு போய்விடுகிறது. நிரலில் தவறைத் தேடி ஒரு மாலைப் பொழுதை நான் தொலைத்திருக்கிறேன். தவறு முகவரியில் இருந்தது.

கேமரா இல்லாத இடத்தில் கேமரா

கைப்பேசியின் கேமரா, தொடர்புப் பட்டியல், கைரேகை போன்றவற்றைச் செயலி செருகுநிரல்கள் வழியே தொடுகிறது. அவற்றில் பலவற்றுக்கு உலாவியில் வேலையே இல்லை; 'வலையில் செயல்படுத்தப்படவில்லை' என்ற பொருளில் ஒரு பிழை வந்து நிற்கும். தொடக்கத்தில் இது எரிச்சலாக இருக்கும். இந்த எரிச்சல்தான் எனக்கு நல்ல நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது.

செயலியின் இருபது இடங்களில் கேமராச் செருகுநிரலை நேரடியாக அழைக்காதீர்கள். 'படம் எடு' என்று ஒரு செயற்கூறு எழுதி, அதை மட்டும் எல்லா இடத்திலும் அழையுங்கள். அதற்குள், நிஜக் கைப்பேசியில் ஓடினால் கேமராவைத் திற, உலாவியில் ஓடினால் முன்பே சேமித்த ஒரு படத்தைக் கொடு என்று பிரித்துவிடுங்கள். இப்போது படத்தை வெட்டுவது, சுருக்குவது, சர்வருக்கு அனுப்புவது, அனுப்பும்போது இணையம் அறுந்தால் என்ன செய்வது என்பதையெல்லாம் கேமராவே இல்லாமல் உலாவியில் சோதிக்கலாம். பொய்ப் படத்துக்குப் பதில் "பயனர் அனுமதி மறுத்தார்" என்ற பிழையையும் அங்கிருந்தே திருப்பி அனுப்பிப் பாருங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் செயலி என்ன சொல்லும் என்பதைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பச் சோதிக்க அமைப்புகளுக்குள் போய்ப் போய் வர வேண்டும். இங்கே ஒரு வரி போதும்.

கைப்பேசியைவிட உலாவியில் எளிதாகச் செய்யக்கூடிய சோதனைகள் இன்னும் இருக்கின்றன. இணைய வேகத்தை மந்தமான 3ஜி அளவுக்குக் குறைக்கலாம், ஒரே சொடுக்கில் முழுதாக அறுக்கலாம். செயலியின் செயலாக்க வேகத்தை நான்கில் ஒன்றாக, ஆறில் ஒன்றாகக் குறைக்கலாம். சென்சார் பலகத்தில் எந்த ஊரின் அட்சரேகை தீர்க்கரேகையையும் கொடுத்து, செயலி அங்கே இருப்பதாக நம்பவைக்கலாம். சேமித்த தரவை அழித்துவிட்டு, முதன்முதலாகத் திறக்கும் பயனராகலாம். கருமை நிறப் பயன்முறையையும் அங்கேயே மாற்றிப் பார்க்கலாம்.

தமிழில் செயலி எழுதுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும்: அகலத்தை 320 வரை சுருக்கிப் பாருங்கள். நம் சொற்கள் நீளமானவை. 'உறுதிப்படுத்துகிறேன்' என்ற ஒரே சொல்லே பொத்தானை நிரப்பிவிடும், உடைத்துப் போட இடைவெளியும் கிடையாது. அதோடு எழுத்துருவும் மாறும். விண்டோஸ் கணினி தமிழை நிர்மலா எழுத்துருவில் காட்டும், ஆண்ட்ராய்டு நோட்டோவில், ஐபோன் தமிழ்ச் சங்கம் எழுத்துருவில். மூன்றின் அகலமும் ஒன்றல்ல. கணினியில் மயிரிழையில் அடங்கிய சொல் கைப்பேசியில் வெட்டுப்படும், ஆகவே இடம் தாராளமாக விடுங்கள். ஃப்ளட்டரில், தமிழ் எழுத்துருவை நீங்களே செயலியோடு சேர்க்காவிட்டால், வலையில் ஓடும்போது அது இணையத்திலிருந்து எழுத்துருவை இறக்கிக்கொள்ளும். இறங்கும்வரை எழுத்துகளுக்குப் பதில் கட்டங்கள் தெரியும்.

உலாவிக்குத் தெரியாதவை

விரல், விசைப்பலகை, நினைவகம், குறுக்கீடு. இந்த நான்கும் கைப்பேசிக்கே உரியவை.

சுட்டியின் முனை ஒரு புள்ளி. விரல் நுனி பொத்தானையே மூடும். சுட்டி மேலே நின்றால் நிறம் மாறும் அழகு விரலுக்குக் கிடையாது. செயலி ஓடும்போது அழைப்பு வரும், பயனர் வேறு செயலிக்குப் போவார், நினைவகம் போதாமல் இயங்குதளம் உங்கள் செயலியைப் பின்னணியில் சாகடிக்கும். திரும்பி வரும்போது பாதி நிரப்பிய படிவம் இருக்குமா? ஆண்ட்ராய்டின் பின்செல் பொத்தானை அழுத்தினால் முந்தைய திரை வருமா, செயலியே மூடிக்கொள்ளுமா? திரையின் மேல்விளிம்பில் கேமராவுக்கான வெட்டு இருக்கும் கைப்பேசியில் தலைப்பு அதற்குள் ஒளிந்துகொள்ளுமா? உலாவியிடம் இவற்றுக்கு நம்பகமான பதில் இல்லை. கணினிக்குள் கைப்பேசியாக நடிக்கும் மென்பொருள்களான ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் ஐஓஎஸ் சிமுலேட்டரும் சிலவற்றுக்குப் பதில் சொல்லும். சிமுலேட்டர் மேக்கில் மட்டுமே ஓடும், அதுவும் மேக்கின் வேகத்திலேயே ஓடும். அங்கே சரளமாக இருப்பதை வைத்து வேகத்தைக் கணிக்க முடியாது. பிரவுசர்ஸ்டாக், சாஸ் லேப்ஸ் போன்ற சேவைகள் தொலைவிலிருக்கும் நிஜக் கைப்பேசிகளின் திரையை உங்கள் உலாவிக்குள் கொண்டுவந்து காட்டும். பெயரளவில் அதுவும் உலாவியில் சோதிப்பதுதான் என்றாலும், ஓடுவது உண்மையான சாதனம். கையில் இல்லாத மாதிரிகளுக்கு அது பயன்படும்.

இவற்றில் விசைப்பலகைதான் என்னை நன்றாக அடித்தது. ஓர் உள்நுழைவுத் திரை. கீழே, திரையின் அடியில் ஒட்டியபடி ஒரு பொத்தான். உலாவியில் எல்லா அளவிலும் சரியாக இருந்தது, பல நாள் இருந்தது. கணினியில் விசைப்பலகை மேசையில் இருக்கிறது, திரையில் இல்லை. அதனால் எனக்குத் தோன்றவே இல்லை. ஐபோனில் கடவுச்சொல்லைத் தட்டத் தொடங்கியதும் பொத்தானைக் காணோம்.

உலாவியின் கருவிகளையும் கைப்பேசியையும் சேர்த்துக் கட்டும் வழி ஒன்று இருப்பதை அன்றுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஆண்ட்ராய்டில், அமைப்புகளில் 'பில்டு எண்' என்பதை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் தெரிவுகள் திறக்கும். அதில் யூஎஸ்பி பிழைதிருத்தத்தை இயக்கி, கேபிளால் கணினியோடு இணைத்து, குரோமில் 'குரோம்://இன்ஸ்பெக்ட்' என்ற முகவரிக்குப் போனால், கைப்பேசியில் ஓடும் வெப்வியூ அங்கே வரிசையில் நிற்கும். ஐபோனுக்கு மேக் வேண்டும்: கைப்பேசியில் சஃபாரி அமைப்புகளின் கீழ் வெப் இன்ஸ்பெக்டரை இயக்கி, மேக் சஃபாரியின் டெவலப் பட்டியலில் கைப்பேசியின் பெயரைத் தேட வேண்டும். ஐஓஎஸ் 16.4 முதல், ஆய்வுக்கு அனுமதி உண்டு என்று செயலியே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால்தான் அது பட்டியலில் வரும். இரண்டுமே சோதனைக் கட்டமைப்புக்கு மட்டும்; கடைக்குப் போகும் பதிப்பில் இந்த அனுமதியை மூடிவிட வேண்டும்.

கேபிளை மாட்டினேன். கைப்பேசியில் விசைப்பலகை விரிந்திருந்தது. மேக்கில் பொத்தானின் எச்டிஎம்எல் வரி மேல் சுட்டியைக் கொண்டுபோனதும், கைப்பேசித் திரையில் அதன் இடத்தைக் காட்டும் நீல நிழல் விசைப்பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்தது. பொத்தான் போன இடம் தெரிந்துவிட்டது. விசைப்பலகை எழும்பியும் பக்கத்தின் உயரம் குறையவே இல்லை. 'அடியில் ஒட்டு' என்ற கட்டளையை அது ஒழுங்காக நிறைவேற்றியிருந்தது. அந்த ஒட்டுதலை எடுத்துவிட்டு, பொத்தானைக் கடவுச்சொல் பெட்டிக்கு நேர் கீழே வரும்படி வைத்தேன். மாற்றத்தை மேக்கில் தட்டத் தட்ட, கைப்பேசியில் பொத்தான் மேலேறி வந்து நின்றது.